அரை வேலி நிலக்காரரின் மகன் மாவோ... 1962-ல் இந்தியா மீது ஏன் படையெடுத்தார்?

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கோ, திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ பஸ்ஸில் போயிருக்கீங்களா? வழியில் ஊருக்கு ஊர் செங்கொடி பறக்கும். சுவர்களைக் கொஞ்சம் உத்துப் பார்த்தீங்கன்னா, சின்னம் ரெண்டு வகையா இருக்கும். ஒன்று, கதிர் அரிவாள். இன்னொன்று, அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். ரெண்டுமே கம்யூனிஸ்ட் கட்சிதான். ரெண்டுமே விவசாயத் தொழிலாளிக்காகப் பேசுற கட்சிதான். அப்புறம் எதுக்கு ரெண்டு?

இதற்கான பதிலில் ஒரு பகுதி இமயமலையில் இருக்கிறது. 1962 அக்டோபரில் சீனா இந்தியா மீது படையெடுத்தது. அந்த முடிவை எடுத்தவர் மாவோ சேதுங். அவரும் நெல் விளையுற ஊரில் பிறந்தவர்தான். நடவு, அறுப்பு, களத்து மேடு எல்லாம் பார்த்து வளர்ந்தவர்தான். அவர் எதுக்காக பக்கத்து நாட்டு மேல படையை அனுப்பினார்? எல்லைக்கோடு மட்டும்தான் காரணமா? அவருடைய கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, அந்தப் போரும் கொஞ்சம் புரியும்.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

1893 டிசம்பர் 26. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஷாவோஷான் என்ற கிராமத்தில் மாவோ பிறந்தார். ஹூனான் நெல் விளையும் பூமி. நமக்கு தஞ்சாவூர் மாதிரி, சீனாவுக்கு அது ஒரு நெற்களஞ்சியம்.

அப்பா கடனில் மூழ்கி, பட்டாளத்துக்குப் போய், சம்பாதித்துத் திரும்பி வந்து நிலம் வாங்கியவர். கடைசியில் அவர் கையில் இருந்தது 22 மூ. அது அந்த ஊர் அளவு. நம்ம கணக்கில் சுமார் மூன்றரை ஏக்கர், அதாவது பத்து, பதினோரு மா. அரை வேலின்னு வெச்சுக்கோங்க. ஆள் வைத்து விவசாயம் பார்த்தார். கூடவே நெல் வியாபாரமும் செய்தார். ஊரில் வாங்கி டவுனில் விற்பது. சிக்கனம், கண்டிப்பு, கோபம் வந்தால் அடி. பகலில் வயல் வேலை, ராத்திரியில் அப்பாவின் கணக்கு நோட்டு. மாவோவின் சிறுவயது இப்படித்தான் போனது.

ஒரு பஞ்ச காலத்தில் அப்பா டவுனுக்கு அனுப்பிய நெல்லைப் பசியில் இருந்த ஊர்க்காரர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஆத்திரம். மாவோவுக்கு அப்பா மேல் அனுதாபம் வரவில்லை. ஊர்க்காரர்கள் செய்ததும் சரின்னு தோணவில்லை. பல வருஷம் கழித்து இதை அவரே ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொல்லியிருக்கிறார். பசி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

துப்பாக்கியும் வயலும்

பதினான்கு வயதில் வீட்டில் கல்யாணம் செய்து வைத்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. ஊரை விட்டுப் படிக்கக் கிளம்பினார். 1911 புரட்சியில் சில மாதம் சிப்பாய், பிறகு ஆசிரியர் பயிற்சி, பிறகு பெய்ஜிங் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். 1921-ல் ஷாங்காயில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது அங்கே இருந்த சிலரில் அவரும் ஒருவர்.

புரட்சியை ஃபேக்டரித் தொழிலாளிதான் செய்வார் என்று மாஸ்கோ சொல்லிக்கொடுத்தது. மாவோ அந்தக் கணக்கை மாற்றினார். சீனாவில் ஃபேக்டரி கொஞ்சம், குத்தகை விவசாயி அதிகம். 1927-ல் ஹூனான் கிராமங்களைச் சுற்றிவிட்டு வந்து, புரட்சி வயலில் இருந்துதான் வரும் என்று எழுதினார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிசு. 1930-ல் மனைவி யாங் கைஹுயி எதிரிகளால் கொல்லப்பட்டார். 1934-ல் தொடங்கிய நெடும் பயணத்தில் 80,000 பேருக்கு மேல் புறப்பட்டார்கள், போய்ச் சேர்ந்தது சில ஆயிரம் பேர்தான். ஆனாலும் ஜெயித்தார். 1949 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் மக்கள் சீனக் குடியரசை அறிவித்தார்.

அதே 1940-களில் நம்ம ஊரில் என்ன நடந்தது? கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் சவுக்கடியும் சாணிப்பாலும் வாங்கிக்கொண்டிருந்த காலம். 1943-ல் தஞ்சைக்கு வந்த பி.சீனிவாசராவ், மணலி கந்தசாமி போன்றவர்கள் செங்கொடியின் கீழ் அவர்களைத் திரட்டினார்கள். 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தோழர்களுக்கு சீனா ஒரு பெரிய நம்பிக்கை. நெல் வயலில் நின்றவர்கள் ஒரு நாட்டையே பிடித்திருக்கிறார்களே!

நெருக்கி நட்டால் நெல் விளையுமா?

ஆட்சிக்கு வந்ததும் மாவோ நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். சில வருஷத்தில் அதே நிலத்தைக் கூட்டுப் பண்ணை என்று திரும்ப எடுத்துக்கொண்டார். 1958-ல் பெரும் பாய்ச்சல் திட்டம் வந்தது. ஊரே ஒரு கம்யூன், சமையல்கூடப் பொது. வீட்டுக் கொல்லையில் இரும்பு உருக்கச் சொன்னார்கள். தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவிகளைக் கொன்றார்கள். நாற்றை நெருக்கி நெருக்கி நடச் சொன்னார்கள். நெருக்கி நட்டால் மகசூல் பல மடங்கு கூடுமாம்.

நீங்க டெல்டாக்காரரா இருந்தா இந்த இடத்தில் சிரிச்சிருப்பீங்க. திருந்திய நெல் சாகுபடியில் நாற்றுக்கு நாற்று 25 செ.மீ. இடைவெளி விடுறோம். பூச்சியைத் தின்ன பறவை வரட்டும்னு வயலில் பறவைத் தாங்கி நட்டு வைக்கிறோம். ஹூனான் விவசாயிக்கும் இது தெரியாமல் இல்லை. ஆனால், வாயைத் திறந்தால் துரோகி என்று முத்திரை விழும்.

அதிகாரிகள் பொய்க் கணக்கு எழுதினார்கள். ஏக்கருக்கு 30 மூட்டை விளைந்த இடத்தில் 100 மூட்டை என்று எழுதினால் என்ன ஆகும்? அந்த 100 மூட்டைக்குத் தக்கபடி அரசு கொள்முதல் செய்யும். விதை நெல்கூட மிஞ்சாது. அதுதான் நடந்தது. நகரங்களுக்கும் ஏற்றுமதிக்கும் தானியம் போனது. விளைவித்தவர் பட்டினி கிடந்தார். 1959 முதல் 1961 வரை நடந்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் குறைந்தது ஒன்றரைக் கோடி, அதிகபட்சம் நாலரைக் கோடி என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

1959-ல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதை மாவோவிடமே எடுத்துச் சொன்னார். அவரும் ஹூனான்காரர்தான், ஏழை வீட்டுப் பிள்ளைதான். பதவி போனது. அந்த இடத்துக்கு லின் பியாவ் வந்தார்.

வீட்டுக்குள்ளே இருந்த காரணம்

இப்போ 1962-க்கு வருவோம். ஜனவரியில் பெய்ஜிங்கில் 7,000 கட்சி நிர்வாகிகள் கூடினார்கள். பஞ்சத்துக்குக் காரணம் இயற்கையைவிட மனிதர்களின் தவறுதான் என்று லியு ஷாவோச்சி அங்கே பேசினார். மாவோவே ஓரளவு பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. அன்றாட நிர்வாகம் லியு, டெங் சியாவோபிங் கைகளுக்குப் போயிருந்தது. அன்ஹுய் மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களுக்கு நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துப் பயிர் செய்யவிட்டிருந்தார்கள். விளைச்சலும் கூடியது.

மாவோ அதைத் தன் தோல்வியாகப் பார்த்தார். கோடையிலேயே எதிர்க்க ஆரம்பித்து, செப்டம்பரில் நடந்த மத்தியக் குழுக் கூட்டத்தில் வர்க்கப் போராட்டத்தை மறக்கக் கூடாது என்று மறுபடி முன்னால் வந்தார். வீட்டுக்கு வீடு நிலம் கொடுப்பது நின்றது. உள்நாட்டில் விட்டுக்கொடுப்பவர்களையும் வெளிநாட்டில் விட்டுக்கொடுப்பவர்களையும் ஒரே தராசில் வைத்துத் தாக்கினார். அடுத்த மாதமே இமயமலையில் துப்பாக்கி வெடித்தது.

அப்போ பஞ்சத்தை மறைக்கத்தான் போரா? அப்படி ஒரே வரியில் முடிச்சிட முடியாது. ஆனால், அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. 1950-ல் கொரியாவுக்குப் படை அனுப்பியபோது, அந்தப் போரை வைத்தே நாட்டுக்குள் பெரிய பிரசார இயக்கம் நடத்தினார். அந்தப் போரில் அவருடைய மூத்த மகனும் இறந்தார். 1958 ஆகஸ்டில் தைவான் வசமிருந்த ஜின்மென் தீவு மீது குண்டு மழை பொழிந்தபோது, அதே மாதத்தில்தான் கம்யூன்கள் நாடு முழுக்க வந்தன. வெளியில் ஒரு எதிரி இருந்தால் உள்ளே ஆட்களைத் திரட்டுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். தோற்றவர் என்ற பெயரோடு இருந்தவருக்கு 1962-ல் இன்னொரு விட்டுக்கொடுத்தலைத் தாங்கும் நிலை இல்லை.

வெளியே இருந்த காரணங்கள்

முதல் காரணம் திபெத். 1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி வெடித்தது. தலாய் லாமா தப்பி வந்து இந்தியாவில் அடைக்கலம் பெற்றார். திபெத் சீனாவின் பகுதி என்று 1954 ஒப்பந்தத்திலேயே நேரு ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனாலும், கிளர்ச்சிக்குப் பின்னால் இந்தியா இருக்கிறது என்று மாவோவும் சூ என்லாயும் உறுதியாக நம்பினார்கள். கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவிய அமெரிக்க உளவுத்துறையின் வேலையும் அந்தச் சந்தேகத்தை வளர்த்தது.

இரண்டாவது, எல்லை. சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்க அக்சாய் சின் வழியாக 1957-க்குள் சீனா சாலை போட்டுவிட்டது. அந்த இடம் இந்தியாவுடையது என்பது நம்ம நிலை. கிழக்கே, 1914-ல் வரையப்பட்ட மக்மோகன் கோட்டை சீனா ஏற்கவில்லை. 1960-ல் சூ என்லாய் டெல்லி வந்து பேசியும் தீரவில்லை. 1961 நவம்பரில் இந்தியா, சர்ச்சைக்குரிய இடங்களில் சின்னச் சின்ன ராணுவச் சாவடிகளை முன்னோக்கி அமைக்க ஆரம்பித்தது. குளிருக்கு ஏற்ற உடுப்புகூட இல்லாமல் நம் வீரர்கள் அங்கே நின்றார்கள். சீனா பெரிசா அடிக்காது என்று டெல்லி நம்பியது. அந்தக் கணக்கு தப்பியது.

மூன்றாவது, மாஸ்கோ. ஸ்டாலினுக்குப் பிறகு வந்த குருஷேவை மாவோவுக்குப் பிடிக்கவில்லை. 1960-ல் சோவியத் நிபுணர்கள் அத்தனை பேரும் சீனாவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள். 1962 வசந்தத்தில் சின்ஜியாங்கிலிருந்து 60,000 பேருக்கு மேல் எல்லை தாண்டி சோவியத் பக்கம் போனார்கள். அதே சமயம், மாஸ்கோ இந்தியாவுக்கு மிக் விமானம் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தது. இந்தியாவை அடிப்பது, நேருவுக்கு மட்டுமல்ல, குருஷேவுக்கும் விழும் அடி.

நான்காவது, தைவான். அங்கிருந்து சியாங் கை ஷேக் படையெடுப்பாரோ என்ற பயம் அந்த வருஷம் இருந்தது. ஜூனில் வார்சாவில் நடந்த பேச்சில், அதற்குத் துணைபோக மாட்டோம் என்று அமெரிக்கா தெரிவித்தது. கடற்கரைப் பக்கம் கவலை குறைந்ததும், மலைப் பக்கம் திரும்ப வழி கிடைத்தது.

அந்த ஒரு மாதம்

அக்டோபர் முதல் வாரத்திலேயே பெய்ஜிங் பெரிய தாக்குதலுக்கான முடிவை நோக்கி நகர்ந்துவிட்டது. 12-ம் தேதி, கொழும்பு பயணத்துக்குக் கிளம்பிய நேரு, சீனர்களை வெளியேற்ற ராணுவத்துக்கு உத்தரவிட்டிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். 20-ம் தேதி அதிகாலை கிழக்கிலும் லடாக்கிலும் சீனா ஒரே நேரத்தில் தாக்கியது. இரண்டு நாள் கழித்து கியூபா ஏவுகணை நெருக்கடியை கென்னடி உலகத்துக்கு அறிவித்தார். அமெரிக்காவும் சோவியத்தும் அங்கே மாட்டிக்கொண்டன.

நவம்பரில் இரண்டாவது தாக்குதல். வாலாங், சேலா, பொம்டிலா எல்லாம் விழுந்தன. நவம்பர் 21 அன்று சீனாவே போர் நிறுத்தம் அறிவித்து, கிழக்கில் பிடித்த இடங்களிலிருந்து பின்வாங்கியது. அக்சாய் சின்னை மட்டும் விடவில்லை. இந்தியத் தரப்பில் 1,383 பேர் இறந்தார்கள். சுமார் 1,700 பேரைக் காணவில்லை. ஏறக்குறைய 4,000 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

பிடித்த இடத்தைவிட்டு ஏன் திரும்பினார்கள்? பனிக்காலம் வந்தால் மலைக்கு மேலே படைக்குச் சாப்பாடு அனுப்ப முடியாது. அமெரிக்க உதவியும் இந்தியாவுக்கு வர ஆரம்பித்திருந்தது. அதோடு, மாவோவுக்குத் தேவைப்பட்டது நிலத்தைவிட ஒரு பாடம் நடத்திக் காட்டுவதுதான். அது முடிந்துவிட்டது.

டெல்டாவில் விழுந்த அடி

போர் நடந்தது 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால், அது இங்கேயும் வந்து சேர்ந்தது. அப்போது தஞ்சாவூர் எம்.எல்.ஏ கருணாநிதி. அவருடைய கட்சியான தி.மு.க-வின் தலைவர் அண்ணா, போர் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்து, திராவிட நாடு பிரிவினைக் கோரிக்கையைக் கைவிடும் பக்கம் திரும்பினார். 1963-ல் கட்சி அதை முறையாகவே விட்டுவிட்டது.

கம்யூனிஸ்டுகளுக்கு விழுந்த அடி இன்னும் கடுமை. நவம்பர் 1 அன்றே கட்சியின் தேசியக் குழு சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கட்சியின் இன்னொரு பகுதி அதை ஏற்கவில்லை. பேசித் தீர்க்க வேண்டும் என்றார்கள். போர் நிறுத்தம் வந்த அதே நாளில் நாடு முழுக்க கம்யூனிஸ்டுகளைக் கைது செய்ய ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டிலும் பலர் உள்ளே போனார்கள். நேற்றுவரை மரக்கால் கூலிக்காகப் பேசியவர், இன்று சீன ஏஜென்ட்.

காங்கிரஸை எப்படிப் பார்ப்பது, மாஸ்கோ வழியா, பெய்ஜிங் வழியா என்ற சண்டை கட்சிக்குள் முன்பே இருந்தது. போர் அந்த விரிசலை உடைப்பாக்கியது. 1964 ஏப்ரலில் 32 தலைவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அந்த வருஷமே மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. ஒரே கொடியின் கீழ் மிராசுதாரை எதிர்த்து நின்ற டெல்டாவின் தொழிலாளர்களும் ரெண்டு சங்கமாகப் பிரிந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1967-ல் நக்சல்பாரி வெடித்ததும், சீன ஏஜென்ட் என்று பெயர் வாங்கிச் சிறை சென்றவர்களின் கட்சியையே பெய்ஜிங் திட்டித் தீர்த்தது. அந்த ஆகஸ்டில் மதுரையில் கூடிய மார்க்சிஸ்ட் மத்தியக் குழு, சீனக் கட்சியின் நிலையை வெளிப்படையாக மறுத்தது. அதாவது, யாருக்காகப் பழி சுமந்தார்களோ, அவர்களே கைகழுவிவிட்டார்கள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்கும் சீனப் போருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால், அந்தக் கூலிக்காரர்களின் இயக்கம் மிகவும் ஒற்றுமையாக இருந்திருக்க வேண்டிய வருஷங்களில் அது ரெண்டாக நின்றது. அந்தப் பிளவில் பெய்ஜிங்கில் எடுத்த ஒரு முடிவுக்கும் பங்கு உண்டு.

போர் முடிஞ்சதும்...

வெற்றி மாவோவின் கையை பலப்படுத்தியது. 1966-ல் கலாசாரப் புரட்சி தொடங்கினார். 1962-ல் உண்மையைப் பேசிய லியு ஷாவோச்சி 1969-ல் காவலிலேயே இறந்தார். முன்பே எச்சரித்த பெங் தெஹுவாயும் அவமானப்படுத்தப்பட்டு 1974-ல் இறந்தார். ஏகாதிபத்தியம் என்று திட்டிய அமெரிக்காவின் அதிபர் நிக்சனுக்கு 1972-ல் மாவோ கை கொடுத்தார். 1976 செப்டம்பர் 9 அன்று காலமானார்.

ரெண்டு வருஷம் கழித்து, அன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பங்கள் ரகசியமாகக் கூடி, கூட்டு நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. 1962-ல் மாவோ நிறுத்திய அதே ஏற்பாடு. அந்த முறை யாரும் தடுக்கவில்லை. நாடே பிறகு அந்த வழிக்கு வந்தது.

குத்தகை விவசாயிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் மாவோ. அதே விவசாயியைப் பட்டினியில் சாகவிட்டவரும் அவர்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்கணும். 2020 ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்களே, அதில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. அடுத்த தடவை எல்லையில் பதற்றம்னு உங்க போனில் நோட்டிஃபிகேஷன் வந்தா, மேப்பை மட்டும் பார்க்காதீங்க. அந்த நாட்டில் சாப்பாட்டு நிலைமை எப்படி, யாருடைய நாற்காலி ஆடுது, பழைய நண்பர்களில் யாரோட சண்டைன்னு சேர்த்துத் தேடிப் பாருங்க. நம்ம அரசைப் பத்தியும் அதே கேள்விகளைக் கேளுங்க. எந்தக் கொடி பறந்தாலும், போரை முடிவு செய்யுறவங்க வேற, அதுக்கு விலை கொடுக்கிறவங்க வேற.